விதியும் வழுவும்

நெல்லியடிச் சந்தியில் இறங்கிச் சிறிது தூரம் நடப்பவர், நொத்தாரிசின் பெயர்ப்பலகையையும், உயர்தர வகுப்பு மாணவரை அழைக்கும் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்களையும், கணினியும் நிழற்பிரதி இயந்திரமும் வைத்துப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். காணி உறுதி முடிக்க வந்தவரும், பல்கலைக்கழகப் பிரவேசத்துக்காக உழைக்கும் மாணவரும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பவரும் தமக்குள் யாதொரு சம்பந்தமும் இல்லாதவர் போலத் தோன்றினும், அம்மூவருடைய வாழ்வும் எங்கோ ஒரு மேசையில், தம்மை ஒருநாளும் கண்டிராத ஒருவரால் எழுதப்பட்ட விதிகளாலேயே நிர்ணயிக்கப்படுகின்றது. அவ்விதிகளுட் சில சட்டப் புத்தகத்தில் உள்ளன. சில கணினியின் நிரலில் உள்ளன. முன்னையதிற் காணப்படும் குறையை ஓட்டை என்கிறோம். பின்னையதிற் காணப்படுவதை வழு என்கிறோம். இவ்விரண்டும் ஓரினத்தைச் சேர்ந்தனவா, எம்மட்டில் ஒத்தும் எம்மட்டில் வேறுபட்டும் நிற்கின்றன, ஒன்றைத் திருத்தப் பழகியோரிடமிருந்து மற்றொன்றைத் திருத்துவோர் கற்கத்தக்கது யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

சட்டம் இயற்றுபவரும் நிரல் எழுதுபவரும் ஒரே வகையான துணிவை மேற்கொள்கின்றனர். தாம் கண்ட சில நிகழ்ச்சிகளை மனத்திற் கொண்டு, இனி நிகழக்கூடிய எண்ணற்ற நிகழ்ச்சிகளுக்கும் பொருந்துமாறு சொற்களை அமைத்து, அச்சொற்களைத் தாம் இல்லாத இடத்தில், தாம் அறியாத காலத்தில், பிறர் நிறைவேற்றும்படி விட்டுச் செல்கின்றனர். உத்தேசம் ஆசிரியரின் மனத்தில் இருப்பது. பிரயோகத்துக்கு வருவதோ சொல் மாத்திரமே. கதியாலை எவ்வளவு நெருக்கமாக நாட்டி, கிடுகை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் காலப்போக்கில் வேலியில் ஒரு பொட்டு விழுந்துவிடுவது போல, உத்தேசத்துக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாகியே தீரும். அப்பொட்டினால் நாயும் நுழையும். அந்தரம் ஆபத்துக்கு அயல்வீட்டுக்காரியும் ஓடிவருவாள். ஆகவே இடைவெளி என்ற மாத்திரத்தே அதனைத் தீமை என்று கொள்ளலாகாது. அது எவ்வகையில் உண்டாயிற்று, அதனால் யார் பயன் பெற்றனர், யார் நட்டமடைந்தனர் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அதன் குணதோஷங்களைத் தீர்மானித்தல் தகும்.

இவ்விடைவெளிகளுள் முதல் வகை, விதி மாறாதிருக்க உலகம் மாறிவிடுவதால் விளைவது. யாழ்ப்பாணத்தில் இதற்கு ஆட்சியுரிமையைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பிறர் காணியை அவருடைய உரிமைக்கு மாறாகப் பத்து வருஷம் இடையறாது ஆண்டவருக்கு, அவ்வாட்சியைக் கொண்டே உரித்தை நிலைநாட்ட இடமளித்தது. காணியைப் பராமரியாது கைவிட்டவன், பல்லாண்டு கழித்து வந்து, அதனைப் பண்படுத்தியவனை எழுப்பலாகாது என்ற நியாயமே அதன் உயிர். வழக்கிட இயலாத நிலையில் இருப்போரையும் அச்சட்டம் முற்றாக மறந்துவிடவில்லை. பராயமடையாதோர், சித்த சுவாதீனம் இல்லாதோர், கடல் கடந்த தேசத்தில் இருப்போர் ஆகியோருக்கு 13 ஆம் பிரிவு விலக்களித்தது. ஆனால் உரித்தாளன் சொந்த நாட்டினுள்ளேயே இருந்தும், தன் வளவுக்குத் திரும்ப முடியாமல் இருபது வருஷம் அகதி முகாமில் வாழ நேரிடும் என்பது 1871 இல் எவருடைய கற்பனைக்கும் எட்டியிராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 இன் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்த இலட்சக்கணக்கானோரும் இந்த இடைவெளியினுள்ளேதான் விழுந்தனர். சிங்கப்பூரில் இருந்தவருக்குக் கிட்டிய பாதுகாப்பு, வவுனியா முகாமில் இருந்தவருக்குச் சட்டத்தின் சொல்லளவிற் கிட்டவில்லை.

விண்வெளி விஞ்ஞானத்தில் இதே தோஷம் 1996 ஜூன் 4 ஆம் திகதி வெளிப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் புதிய ஏவூர்தியாகிய ஆரியான் 5, புறப்பட்டு ஏறக்குறைய 37 வினாடிகளில் திசை மாறிச் சிதறியது. அதன் வழிகாட்டு கருவியில் இயங்கிய நிரலின் ஒரு பகுதி ஆரியான் 4 இலிருந்து மாற்றமின்றி எடுத்தாளப்பட்டது. பழைய ஏவூர்தியின் வேகத்துக்குப் போதுமாயிருந்த சிறிய எண்கூடு, புதியதன் பெருவேகத்தைக் குறிக்கும் எண்ணைக் கொள்ளமாட்டாமற் போயிற்று. மாற்றாக வைக்கப்பட்டிருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலையே கொண்டிருந்தமையால், அதே காரணத்தால் அதுவும் செயலிழந்தது. அந்நிரல் ஆரியான் 4 இல் ஒருபோதும் பிழை செய்ததில்லை. ஆட்சியுரிமைச் சட்டமும் அமைதிக் காலத்தில் தன் வேலையைச் செவ்வனே செய்தது. இரண்டிலும் குறை சொல்லில் பிறக்கவில்லை. அச்சொல் எழுதப்பட்ட உலகம் இன்னும் நீடிக்கின்றதா என்று எவரும் மீண்டும் கேளாமையிற் பிறந்தது.

இரண்டாம் வகை, எல்லையையும் வரைவிலக்கணத்தையும் பற்றியது. 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், தனியொருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தை 50 ஏக்கராகவும், நெற்காணியை 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. ஆனால் பொதுக் கம்பெனிகளின் உடைமைகளை அது தொடவில்லை. மலையகத்தின் பெருந்தோட்டங்களுட் பெரும்பகுதி அத்தகைய கம்பெனிகளின் கையிலேயே இருந்தது. 1975 இன் 39 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து அவற்றையும் அரசுடைமையாக்கும் வரை, உச்சவரம்பு என்ற சொல் நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமைகளை நோக்காமலே இருந்தது. முதற் சட்டத்தில் அவ்விலக்கு வேண்டுமென்றே விடப்பட்டதென்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ஓட்டை எனப் பிற்காலத்தில் தூற்றப்படுவன பல, இயற்றிய காலத்திற் கண் திறந்து விடப்பட்ட வாயில்களே.

நாள்தோறும் சட்டைப் பையில் நாம் கொண்டு திரியும் அடையாள அட்டையில் எல்லைக் குறையின் தூய வடிவத்தைக் காணலாம். பழைய அட்டையின் இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். எல்லா வருஷத்துக்கும் பெப்ரவரி 29 நாள் கொண்டதாகவே கணிக்கப்படுவதால், 1970 மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 70561 எனத் தொடங்கும். அழகும் சிக்கனமும் பொருந்திய இவ்வமைப்பு, நூற்றாண்டு திரும்பியதும் இடர்ப்பட்டது. ஆண்டுக்கு இரண்டிலக்கமே இடங் கொடுத்திருந்தமையால், 1905 இற் பிறந்தவரையும் 2005 இற் பிறந்தவரையும் அது வேறுபடுத்தமாட்டாது. உலகக் கணினிகளையெல்லாம் 2000 ஆம் ஆண்டின் வருகை அச்சுறுத்தியதும் இதே காரணத்தால்தான். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டிலக்க எண், ஆண்டை நான்கு எண்களில் எழுதி இக்குறையை நீக்கியது. காலம் நீளும் என்பது தெரியாத பொருளன்று. அன்று இடத்தைச் சிக்கனப்படுத்தியவருக்கு அது தம் காலத்துக் கவலையாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

மூன்றாம் வகையிற் சொல்லும் பிழையன்று, எல்லையும் பிழையன்று. விதியைக் கண்டு மனிதர் தம்மை மாற்றி அமைத்துக்கொள்வதே அங்கு பிரச்சினை. 1970 களின் தரப்படுத்தல் காலந்தொட்டு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மனத்தை ஆண்டுவரும் பல்கலைக்கழக அநுமதி இதற்கு உரைகல். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 விகிதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 விகிதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 விகிதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். மாவட்டவாரியாக இடங்கள் பகிரப்படுவதால், மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ வேண்டிய வெட்டுப்புள்ளி ஆனையிறவுக்கு அப்பால் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். நல்ல ஆசிரியரும் கல்வி நிலையமும் உள்ள இடத்திற் படித்துவிட்டு, பெயரளவில் மாத்திரம் வன்னிப் பாடசாலையொன்றிற் பதிந்து பரீட்சைக்குத் தோற்றுவோர் தோன்றியது இதன் விளைவே. பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டில் மாணவர் எப்பாடசாலையிற் பயின்றார் என்று ஆராயும் விதி இதைத் தடுக்கவே வைக்கப்பட்டது. ஆயினும் வரவுப் பதிவேட்டையும் அதிபரின் உறுதிப்பாட்டையும் நம்பியே அவ்விதி நிற்கின்றது. இங்கு அபகரிக்கப்படுவது அரசின் பொருளன்று. ஆய்வுகூடமோ இரசாயன ஆசிரியரோ இல்லாத கிராமப் பாடசாலையில் உண்மையாகவே படித்த ஒரு பிள்ளையின் ஆசனம் அது. அப்பிள்ளையோ தன் ஆசனம் எங்கே போயிற்று என்பதை ஒருநாளும் அறியாது.

நான்காம் வகை, பரிகாரமே புதிய தோஷமாவது. யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமாகிய தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையால் 1707 அளவில் தொகுக்கப்பட்டது. விவாக காலத்தில் கணவன் மனைவியர் தேடிய சொத்தாகிய தேடியதேட்டத்துக்கு, 1911 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் புதியதொரு வரைவிலக்கணம் வகுத்தது. பெறுமதி கொடுத்து வாங்கியவையெல்லாம் தேடியதேட்டம் என அது கூறியமையால், பெண்ணின் சீதனப் பணத்தைக் கொண்டு வாங்கிய காணியும் அதனுள் அடங்குமோ என்ற வினா எழுந்து பல வழக்குகளுக்கு இடந்தந்தது. 1947 இன் 58 ஆம் இலக்கத் திருத்தம், தனிச் சொத்தைப் பெறுமதியாகக் கொடுத்து வாங்கியவற்றை விலக்கி, அந்த ஐயத்தைத் தீர்த்தது; தீர்த்தவுடனே வேறொன்றைப் பெற்றெடுத்தது. 1947 இற்கு முன் மணந்தோருக்கும் அன்று வாங்கிய காணிக்கும் எந்த வாசகம் செல்லும் என்ற வாதம் தலைமுறைகளைக் கடந்து நீதிமன்றங்களில் நடந்தது. பழைய தரவையும் புதிய நிரலையும் பொருத்த முயலும் கணினி வல்லுநர் இத்துன்பத்தை நன்கறிவர். விதி மாறினாலும், பழைய விதியின் கீழ் வாழ்ந்தவர்களின் வாழ்வு மாறிவிடுவதில்லை.

ஆட்சியுரிமைக் குறைக்கு வந்த பரிகாரத்தையும் இந்நோக்கிற் காண்க. 2016 இன் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருஷக் கணக்கிலிருந்து விலக்கியது. போர் முடிந்து ஏழாம் ஆண்டில் வந்ததெனினும் அது நன்றியுடன் வரவேற்கத்தக்கது. ஆயினும் அதன் முகவாசகம், பயங்கரவாதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் தம் உரிமையை நாட முடியாமற் போனோர் என்றே பாதிக்கப்பட்டோரைக் குறிக்கின்றது. இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடியவரும், உயர் பாதுகாப்பு வலயத்துக்காக எழுப்பப்பட்டவரும் அச்சொற்றொடரினுள் அடங்குவரா என்பதை வியாக்கியானத்துக்கு விட்டது, அடைக்க வந்த வேலியிற் புதியதொரு பொட்டை விட்டதே ஆகும்.

இதுவரை ஒற்றுமையைக் கண்டோம். வேற்றுமையோ சிறியதன்று. நிரலை நிறைவேற்றுவது இயந்திரம். அதற்குச் சொல்லையன்றி வேறொன்றுந் தெரியாது. சட்டத்தை நிறைவேற்றுபவர் மனிதர். அவருக்கு நோக்கமும் தெரியும். இங்கிலாந்தில் 1584 இல் தீர்க்கப்பட்ட ஹெய்டன் வழக்கு, சட்டத்தை வியாக்கியானம் செய்யும் நீதிபதி நான்கு வினாக்களைக் கேட்க வேண்டுமென்றது: முன்பிருந்த சட்டம் யாது, அது தீர்க்காத தீமை யாது, பாராளுமன்றம் விதித்த பரிகாரம் யாது, அப்பரிகாரத்தின் நியாயம் யாது. தீமையை ஒடுக்கிப் பரிகாரத்தை வளர்க்குமாறு பொருள் கொள்வதே நீதிபதியின் கடமை என்ற கோட்பாடு அதிலிருந்தே வலுப்பெற்றது. இத்தகைய வாசகர் ஒருவர் இன்மையே கணினி விதியின் பெருங்குறை. 2016 ஜூனில், நிரலே தன் முழுச் சட்டம் என்று பிரகடனஞ் செய்து, எதீரியம் என்னும் எண்மிய நாணயத் தளத்தில் இயங்கிய டீஏஓ என்ற முதலீட்டு நிதியத்திலிருந்து, நிரலின் வழுவொன்றைப் பயன்படுத்தி ஒருவர் 36 இலட்சம் ஈதர் நாணயத்தை எடுத்துக்கொண்டார். நிரல் அநுமதித்ததையே செய்ததால் அது களவாகுமோ என்ற வினாவுக்கு அந்நிரலில் விடையில்லை. ஈற்றில் மனிதர் கூடி, வாக்களித்து, அத்தளத்தின் விதியையே மாற்றி, எடுக்கப்பட்ட நாணயத்தை மீட்டனர். நீதிபதி வேண்டாம் என்றவர்கள், ஆபத்து வந்தபோது தாமே நீதிபதிகளானார்கள்.

மறுபுறம், மனித வியாக்கியானமும் இலவசமாகக் கிடைப்பதன்று. பருத்தித்துறையில் தொடங்கிய காணி வழக்கொன்று மேன்முறையீடு கடந்து கொழும்பிற் கரையேறுவதற்குள், வாதியின் ஆயுளோ சேமிப்போ தீர்ந்துவிடக் கூடும். கணினியின் வழு எல்லாரையும் ஒரே விதமாகத் தாக்கும். சட்டத்தின் ஓட்டையோ ஆலோசகரை அமர்த்த வல்லாருக்கு வாயிலாகவும், வல்லாதாருக்குக் குழியாகவும் அமைகின்றது.

இவ்விரண்டும் ஒன்றாகக் கலக்கும் இடமே இக்காலத்தின் அபாயம் மிகுந்த இடம். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் புதிய பாடத்திட்ட மாணவரும் பழைய பாடத்திட்ட மாணவரும் வெவ்வேறு வினாத்தாளுடன் தோற்றினர். ஒருவர் தம் பாடத்தின் சராசரிக்கு எவ்வளவு மேலோ கீழோ நிற்கிறார் என்பதைப் புள்ளிகளின் பரம்பலைக் கொண்டு அளப்பதே இசற் புள்ளி. ஆகையால் எக்கூட்டத்தின் சராசரி என்பதே அதன் அத்திவாரம். அவ்வாண்டு இரு கூட்டத்தாரையும் ஒன்றிணைக்கும் முறையிற் கணக்கிட்டனர். கடினமான தாளுக்கு விடையெழுதியவரும் இலகுவான தாளுக்கு விடையெழுதியவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர். அடிப்படை உரிமை வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றம், இரு கூட்டத்தாரையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு 2012 ஜூனிற் பணித்தது. மேலதிக மாணவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சூத்திரமொன்றின் பிழை சட்டத்தின் முன் சமத்துவத்தை மீறியதென நாட்டின் அதியுயர் மன்றம் கண்டது, இவ்விரு துறையும் இனிப் பிரிந்து நிற்கமாட்டா என்பதற்குச் சான்று.

பிரித்தானியத் தபால் நிலையங்களில் நடந்தது இதனினுங் கொடிது. ஹொரைசன் என்னும் கணக்கு நிரல் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. கணினி சரியாகவே இயங்கியது என்று ஊகிக்கச் சட்டமும் இடங்கொடுத்தது. கணினிச் சான்றின் நம்பகத்தை முதலில் நிரூபிக்க வேண்டுமென்ற பழைய நிபந்தனையை 1999 ஆம் ஆண்டின் சட்டமொன்று நீக்கியிருந்தது. 1999 தொடங்கி 2015 வரை 900 இற்கு மேற்பட்ட துணைத் தபாலதிபர்கள் குற்றவாளிகளாயினர். சிறை புகுந்தோரும், கடனாளியானோரும், உயிரை மாய்த்துக்கொண்டோரும் அவர்களுள் உளர். 2024 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமியற்றியே அத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்கியது. நிரலின் வழுவும் சட்டத்தின் ஓட்டையும் தனித்தனியே நின்றிருப்பின் இவ்வளவு நாசம் விளைந்திராது. ஒன்றையொன்று தாங்கி நின்றபோதே, உண்மை பேசியவரின் குரல் எவ்விடத்தும் ஏறாமற் போயிற்று.

மேற்கண்டவற்றையெல்லாம் சேர்த்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. விதியின் குறையை அதன் சொல்லில் மாத்திரம் தேடுதல் போதாது. அக்குறையின் பாரம் யார் தோளில் ஏறுகின்றது, அவர் அதனை எவரிடம் முறையிடலாம், முறைப்பாட்டைக் கேட்டவருக்குத் திருத்தும் கடமை உண்டா என்பவற்றிலேயே அதன் தீமை அளக்கப்பட வேண்டும். அகதி முகாமிலிருந்த காணிக்காரருக்கும், வன்னிப் பாடசாலையின் உண்மை மாணவருக்கும், பிரித்தானியாவின் துணைத் தபாலதிபருக்கும் பொதுவான துன்பம், விதி தவறியது மட்டுமன்று. தவறியதைச் சொல்ல ஓரிடம் இல்லாதிருந்ததே.

இதில் நிரல் எழுதுவோரின் நல்வழக்கங்கள் சட்டம் இயற்றுவோர்க்குப் பெரிதும் பயன்படும். கண்ட வழுவை எவரும் பதியத்தக்க பகிரங்க ஏடு வைத்தல், ஒவ்வொரு திருத்தத்தையும் திகதியுடனும் காரணத்துடனும் பேணுதல், வெளியிடுமுன் விபரீதமான உதாரணங்களைக் கொண்டு சோதித்தல் ஆகியன அவர்க்கு அன்றாடக் கருமம். நம் நாட்டிலோ அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை, சட்டமூலம் சட்டமானபின் அதன் வலிதை எந்த நீதிமன்றமும் வினவலாகாதென்கின்றது. சோதிக்கும் காலம் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்திற் சேர்ந்தபின் வரும் சில நாட்களே. அச்சில நாட்களுக்குள் சட்டமூலத்தைப் படித்து, அதன் விளைவை ஊகித்து, கொழும்பு சென்று மனுச் செய்ய வல்ல நெல்லியடி வாசிகள் எத்தனை பேர்? மேலும், முரண்பாடு நேரின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று நம் சட்டங்கள் வழமையாகக் கூறுவதால், தமிழ் வாசகத்தைப் படித்துத் தன் கருமங்களை நடத்துபவர், செல்லுபடியாகும் மூலத்தையன்றி அதன் நிழலையே நம்பி நடப்பவராகிறார்.

சட்டத்திடமிருந்து நிரலாளர் கற்கவேண்டியதும் உண்டு. அது நம் இலக்கண ஆசிரியர்க்கும் பழக்கமானதே. தொல்காப்பியர் இயல்கள் பலவற்றில் விதிகளை நுணுகி வகுத்தபின், ஈற்றிற் புறனடைச் சூத்திரம் வைத்து, சொல்லாது விடப்பட்டவற்றையும் வழக்கையும் நோக்கையும் கொண்டு அமைத்துக்கொள்ள இடந்தந்தார். எல்லாவற்றையுஞ் சொல்லிவிட்டேன் என்ற கர்வம் அவருக்கு இல்லை. மனிதரின் விதியைத் தீர்க்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இத்தகைய புறனடை வேண்டும். நிரல் கண்ட முடிவை மறுத்து நிறுத்தும் அதிகாரமும், காரணங் கேட்டறியும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதர் அதன் முடிவில் இருத்தல் வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கன அரியனவல்ல. காணி, கல்வி, வரி ஆகியவற்றைத் தொடும் ஒவ்வொரு சட்டமும், குறித்த ஆண்டுகளுக்குப் பின் தன் விளைவைப் பாராளுமன்றம் கட்டாயமாக மீளாய்வு செய்யும் பிரிவொன்றைத் தன்னுள்ளே கொண்டிருக்கலாம். கரவெட்டிப் பிரதேச செயலகம் போன்ற ஒவ்வொரு செயலகமும், விதியாற் பாதிக்கப்பட்டோரின் முறைப்பாடுகளைத் தமிழிற் பதிந்து, திருத்தும் அதிகாரமுடையோருக்கு அனுப்பி, மறுமொழியையும் பகிரங்கப்படுத்தலாம். பரீட்சைப் புள்ளியையும் அநுமதியையும் கணிக்கும் சூத்திரங்கள், முடிவு வருமுன்னரே கணிதம் வல்லோர் பார்வைக்கு வைக்கப்படலாம். மும்மொழி வாசகங்களும் வெளியீட்டுக்கு முன் ஒப்புநோக்கப்பட்டு, சம வலு உடையனவாக்கப்படலாம். வழுவற்ற விதியை எழுதியவர் எத்தேசத்திலும் இல்லை. எனினும் தன் வழுவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் விதியை எழுதுதல் மனிதருக்கு இயலும். அதனை எழுதாது விடுவது அறியாமையால் நேர்ந்த குறையாகாது. அது, பாரஞ் சுமப்போர் யாரென்று தெரிந்தும் செய்யும் அநீதியாகவே கொள்ளப்படும்.